இலங்கையில் தனியார் பல்கலைக்கழகங்கள் தேவையா? ஒரு வரலாற்றுப் பார்வை

க.பொ.த உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் நமது நாட்டில் ஒரு கணக்கு பேசப்படும். பல்கலைக்கழகம் செல்வதற்குரிய ஆகக்குறைந்த தகுதியைப் பெற்றவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். உண்மையில் அரச பல்கலைக்கழகங்களுக்குள் நுழையப் போகிறவர்கள் நாற்பதாயிரம் சொச்சம். அப்படியானால் மீதமுள்ள ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் எங்கே போகிறார்கள்?

சிலர் அடுத்த வருடம் திரும்பவும் பரீட்சை எடுக்கிறார்கள். சிலர் வெளிவாரிப் பட்டங்களுக்குப் பதிகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்தியா, சீனா, ரஷ்யா, பங்களாதேஷ், நேபாளம் என்று புறப்படுகிறார்கள். வசதியில்லாதவர்கள் கிடைத்த வேலையைப் பார்க்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் பரீட்சையில் தோற்றவர்கள் அல்லர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் தேறியவர்கள். இடம்தான் இல்லை.

இந்த இடத்தில்தான் தனியார் பல்கலைக்கழகம் என்ற பேச்சு எழுகிறது. பேச்சு எழுந்தவுடனேயே சண்டையும் எழுகிறது. 'இலவசக் கல்விக்குச் சாவுமணி' என்று ஒரு தரப்பு சொல்லும். 'போட்டி இல்லாததால்தான் அரச பல்கலைக்கழகங்கள் இப்படிக் கிடக்கின்றன' என்று மறு தரப்பு சொல்லும். இரண்டு தரப்பும் தனியார் உயர்கல்வியை ஏதோ நேற்று முளைத்த புதுச்சங்கதி போலவே பேசுகின்றன. உண்மை அதுவல்ல. இந்த நாட்டில் உயர்கல்வியின் கதையே அரசுக்கு வெளியில்தான் தொடங்குகிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் இன்றைய சண்டைக்கு ஒரு தெளிவு கிடைக்கும் என்பது எனது எண்ணம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் இலவசக் கல்வியால் படித்து வந்தவன்தான். அது இல்லையென்றால் பல்கலைக்கழக வாசலைக்கூட நான் மிதித்திருக்க முடியாது. ஆகவே இலவசக் கல்வியைக் குறைத்துத் தனியாரைக் கொண்டுவா என்று நான் சொல்ல வரவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றுக்கும் இடம் உண்டா என்பதே கேள்வி.

வட்டுக்கோட்டையில் தொடங்கிய கதை

1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். பெயர் செமினரி என்றாலும் அங்கே வேதம் மட்டும் படிப்பிக்கப்படவில்லை. கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ் எல்லாம் உயர்ந்த தரத்தில் கற்பிக்கப்பட்டன. 1840களில் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்க நிறுவனம் இது என்று பாராட்டி எழுதினார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் பட்டதாரிகளாக வந்த கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் இந்த வட்டுக்கோட்டையில் படித்தவர்களே. பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த அதே தாமோதரம்பிள்ளைதான்!

மருத்துவக் கல்வியின் கதை இன்னும் சுவாரசியமானது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிரீன், அடுத்த வருடமே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் மானிப்பாயில் வைத்தியசாலையோடு அந்தக் கல்வி நடந்தது. அவர் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். அரசாங்கம் கொழும்பில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1870இல்தான். அதாவது அரசாங்கம் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்குவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே அரசு சாராத ஒரு நிறுவனம் நமது ஊரில் அதைச் செய்துகொண்டிருந்தது. தனியார் மருத்துவக் கல்வி என்றாலே தீயில் கைவைத்ததுபோலத் துள்ளுகிற நாட்டில் இது ஞாபகத்தில் வைத்திருக்கவேண்டிய ஒன்று.

தெற்கிலும் இதே கதைதான். 1873இல் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் கொழும்பு மாளிகாகந்தையில் வித்யோதய பிரிவெனாவைத் தொடங்கினார். 1875இல் பேலியகொடையில் வித்யாலங்கார பிரிவெனா தொடங்கப்பட்டது. பிக்குமாரின் உழைப்பாலும் பௌத்த மக்களின் கொடையாலும் வளர்ந்த இவை இரண்டும் 1959இல் பல்கலைக்கழகங்களாயின. இன்றைய ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகமும் களனிப் பல்கலைக்கழகமும் அவைதான்.

ஆனால் வட்டுக்கோட்டைக் கதையின் முடிவையும் சொல்லவேண்டும். 1855இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. மாணவர் வராததாலோ தரம் குறைந்ததாலோ அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு, இந்த உயர்கல்வி மதம் பரப்பும் நோக்கத்துக்கு உதவவில்லை என்று கருதியது. அவ்வளவுதான், கதவு மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அது மறுபிறவி எடுக்கும்வரை பதினேழு வருட இடைவெளி. பணம் கொடுப்பவரின் மனம் மாறினால் நிறுவனமே இல்லாமல் போகலாம் என்பது தனியார் கல்வியின் பலவீனம். இதை ஆதரவாளர்கள் மறக்கக்கூடாது.

இலவசக் கல்வியின் வருகை

இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கையை 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் முன்வைத்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அதன் முன்னோடிகளில் ஒருவர். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையை. 1942இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. சேர் ஐவர் ஜென்னிங்ஸ் முதல் துணைவேந்தர். முழு நாட்டுக்கும் அந்த ஒரே பல்கலைக்கழகம், அதில் ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்கள்.

1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கட்டணம் இல்லை. ஒரு ஏழை நாடு, சுதந்திரம்கூடக் கிடைக்காத நாடு, இப்படியொரு முடிவை எடுத்தது சாதாரண விடயம் அல்ல. மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமங்களுக்கு வந்தன. கமக்காரனின் மகனும் தோட்டாக்காரனின் மகளும் டொக்டராகவும் பொறியியலாளராகவும் வரலாம் என்ற கனவு அதன் பிறகுதான் நியாயமான கனவாயிற்று.

அரசு கல்வியின் பொறுப்பை ஏற்றது நல்லது. ஆனால் 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது இன்னொன்றும் நடந்தது. புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதற்கான வழியும் அடைபட்டது. விளைவு என்ன? தனியார் கல்வி ஒழிந்ததா? இல்லை. பின்னாளில் கம்பனிச் சட்டத்தின்கீழ் வியாபார நிறுவனங்களாகப் பதிவுசெய்துகொண்டு 'சர்வதேசப் பாடசாலைகள்' முளைத்தன. கல்வி அமைச்சின் கண்காணிப்புக்கு வெளியே அவை வளர்ந்தன. இன்னொரு பக்கம் ரியூசன் கொட்டில்கள் வளர்ந்தன. கதவை மூடியபோது காற்று யன்னலால் வந்தது. யன்னலால் வந்ததற்கு விதிமுறையும் கிடையாது, பதில் சொல்வாரும் கிடையாது. உயர்கல்வியிலும் பின்னர் இதேதான் நடந்தது.

வாசல் ஒடுங்கிய காலம்

பள்ளிக்கூடங்கள் பெருகின, உயர்தரம் படிப்பவர்கள் பெருகினார்கள். பல்கலைக்கழக இடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. இடம் குறைவாக இருந்தால் 'யாருக்கு?' என்ற கேள்வி வரும். இலங்கையில் அந்தக் கேள்வி இனத்தின் பெயரால் வந்தது.

1970இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் செல்ல தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் தேவை என்று வெட்டுப்புள்ளி வகுக்கப்பட்டது. தொடர்ந்து தரப்படுத்தல், பிறகு மாவட்ட ஒதுக்கீடு. இவற்றால் தமிழ் இளைஞர்கள் மனதில் ஏற்பட்ட காயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்கு இடம் கொடுப்பது நியாயமே. இன்றும் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற முறை இருக்கிறது. வன்னிப் பிள்ளையும் மலையகப் பிள்ளையும் இதனால் பயன் பெறுகிறார்கள். ஆனால் ஒருவருக்குக் கொடுப்பதற்காக இன்னொருவரிடமிருந்து பிடுங்கவேண்டிய நிலை ஏன் வந்தது? பாணின் அளவு மாறாமல் இருந்ததால்தான்.

1972இல் இன்னொரு விநோதமும் நடந்தது. இருந்த பல்கலைக்கழகங்கள் அனைத்தும் 'இலங்கைப் பல்கலைக்கழகம்' என்ற ஒரே நிறுவனத்தின் வளாகங்களாக மாற்றப்பட்டன. பிரிவெனாக்களிலிருந்து வந்த இரண்டும் அதற்குள் கரைந்தன. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் வந்த பின்னரே அவை மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின.

1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். அந்த வளாகம் எங்கே அமைந்தது என்று பாருங்கள். திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரியில்! விஞ்ஞான வகுப்புகள் தொடக்கத்தில் நடந்தது வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவில். லண்டன் பட்டத்துக்கு மாணவரைத் தயார்செய்துவந்த அந்தப் பிரிவையும் அரசு எடுத்துக்கொண்டது. தனியார் கொடையால் எழுந்த இரண்டு நிறுவனங்களின் முதுகில்தான் நமது அரச பல்கலைக்கழகம் ஏறி நின்றது.

யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழகம் வந்தது பெரும் நன்மை. ஆனால் வளாகம் வந்தபோது ஏற்கனவே இருந்தவை இல்லாமல் போயின. ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டியிருந்தால் இரண்டாகியிருக்கும். நாம் ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்டினோம்.

ராகம: முதல் மோதல்

1980களின் தொடக்கத்தில், திறந்த பொருளாதாரக் காலத்தில், பொது மருத்துவர்கள் சிலரின் முயற்சியில் ராகமவில் வடக்கு கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கட்டணம் செலுத்திப் படிக்கும் முதலாவது தனியார் மருத்துவக் கல்லூரி அது. அரச பீடங்களுக்கான வெட்டுப்புள்ளியைத் தொடாதவர்களும் அங்கே சேரலாம்.

எதிர்ப்பு உடனேயே வெடித்தது. அரச மருத்துவபீட மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். எங்களைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவர்கள் காசு கொடுத்து எங்களோடு சமமாக டொக்டராவதா என்பது அவர்களின் கேள்வி. பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வழங்குவது என்பது அடுத்த சர்ச்சை. மக்கள் விடுதலை முன்னணி இதைப் பெரும் போராட்டமாக்கியது. 1987 முதல் 1989 வரை தெற்கு எரிந்த அந்த நாட்களில் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. கடைசியில் 1989இல் அரசாங்கம் கல்லூரியைப் பொறுப்பேற்றது. 1991இல் அதே இடத்தில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் தொடங்கியது.

இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, கல்லூரி தோற்றாலும் அது விட்டுச்சென்றவை நாட்டுக்குப் பயன்பட்டன. ராகம மருத்துவபீடத்தில் இன்று ஆயிரக்கணக்கானோர் இலவசமாகப் படித்து டொக்டராகியிருக்கிறார்கள். தனியார் கல்லூரியில் படித்து வெளியேறியவர்களும் இலங்கையிலும் வெளிநாடுகளிலும் மருத்துவர்களாகப் பணிபுரிகிறார்கள். நோயாளிகள் யாரும் 'நீங்கள் ராகமவா பேராதனையா' என்று கேட்டுவிட்டுப் படுக்கவில்லை.

இரண்டாவது, தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர்வதற்கு உயர்தரத்தில் குறைந்தபட்சம் என்ன பெறுபேறு வேண்டும், எத்தனை கட்டில்கள் உள்ள வைத்தியசாலை வேண்டும், பட்டத்தை யார் வழங்குவது, அதை யார் பரிசோதிப்பது என்ற கேள்விகள் கல்லூரி திறப்பதற்கு முன்னரே தீர்க்கப்பட்டிருக்க வேண்டியவை. தீர்க்கப்படவில்லை. மாணவர்கள் உள்ளே போனபிறகு சண்டை பிடித்தோம்.

மாலபே: அதே தவறு இரண்டாம் முறை

ராகமவிலிருந்து பாடம் படித்தோமா? 1985இல் பல்கலைக்கழகச் சட்டத்தில் 25ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அரச பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனமும் பட்டம் வழங்க அமைச்சர் அங்கீகாரம் கொடுக்கலாம் என்றது அது. ஆகவே சட்டப்படி வழி இருந்தது. கணினி, முகாமைத்துவம் போன்ற துறைகளில் பல நிறுவனங்கள் இந்த வழியால் வந்து பெரிய சத்தமின்றி இயங்குகின்றன. 1999இல் தொடங்கிய இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவகம் அதற்கு நல்ல உதாரணம்.

2008இல் மாலபேயில் டொக்டர் நெவில் பெர்னாண்டோ தொடங்கிய நிறுவனம் 'சைட்டம்' என்ற பெயரால் நாடறிந்தது. 2011இல் அதற்கு மருத்துவப் பட்டம் வழங்கும் அங்கீகாரம் வர்த்தமானியில் வெளியானது. ஆனால் மருத்துவராகப் பதிவுசெய்யும் அதிகாரம் இலங்கை மருத்துவ சபையிடம். மாணவர்களுக்கு வைத்தியசாலைப் பயிற்சி போதாது என்று சொல்லிப் பதிவுசெய்ய அது மறுத்தது. சைட்டத்துக்கென வைத்தியசாலை ஒன்று கட்டப்பட்டது உண்மை. ஆனால் கட்டில் இருந்தால் போதுமா? கற்றுக்கொள்ளுமளவு நோயாளிகள் வரவேண்டும் அல்லவா?

2017 ஜனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சைட்டம் பட்டதாரியைப் பதிவுசெய்யுமாறு தீர்ப்பளித்தது. அந்த வருடம் முழுவதும் நாடு இதிலேயே கிடந்தது. அரச மருத்துவபீட மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போய் வாசலில் காத்துக்கிடந்த ஏழைச்சனத்துக்கு இந்தச் சண்டையில் என்ன பங்கு? ஒக்டோபரில் சைட்டத்தை ஒழிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. 2018இல் அதன் மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். அதே வருடம் உயர்நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதிசெய்தது.

பல மில்லியன் ரூபா செலவழித்துப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர், வருடங்களை இழந்த அந்த மாணவர்கள், விரிவுரை இழந்த அரச மாணவர்கள் - எல்லாருக்கும் நட்டம். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்சத் தராதரங்கள் சட்டபூர்வமாக வர்த்தமானியில் வந்தது எப்போது தெரியுமா? 2018இல்! முதலாவது தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கி ஏறக்குறைய முப்பத்தேழு வருடங்களுக்குப் பிறகு. வீடு எரிந்து முடிந்தபின் கிணறு வெட்டியிருக்கிறோம்.

அக்கரையில் ஓர் உதாரணம்

பாக்குநீரிணைக்கு அப்பால் நமக்கு நன்கு பழக்கமான ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் சிதம்பரத்தில் 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நமது சுவாமி விபுலாநந்தர் 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. தமிழாராய்ச்சிக்கும் தமிழிசைக்கும் அந்தப் பல்கலைக்கழகம் செய்த பணியை யாரும் மறுக்க முடியாது. நம்மவர்கள் பலரும் அங்கே போய்ப் படித்திருக்கிறார்கள்.

அதன் பின்கதை அவ்வளவு இனிமையானதல்ல. தேவைக்கு மிஞ்சிய ஊழியர்கள், கட்டுக்கடங்காத நிதி நெருக்கடி என்று தடுமாறி, 2013இல் அதைத் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றிப் பொறுப்பேற்றது. அரசு எடுத்த பிறகும் அதன் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகளைவிட மிக அதிகமாக இருந்ததால் மாணவர்கள் போராடினார்கள். 2021இல் கல்லூரி சுகாதாரத்துறையின் கீழ் கொண்டுவரப்பட்ட பின்பே அது தீர்ந்தது. நல்ல மனதோடு தொடங்கிய நிறுவனமாக இருந்தாலும், கணக்குப் பார்க்க வெளியாள் இல்லாவிட்டால் இந்த நிலை வரும்.

எதிர்ப்பவர்களின் நியாயங்கள்

தனியார் பல்கலைக்கழகத்தை எதிர்ப்பவர்களை 'முன்னேற்றத்துக்குத் தடை' என்று ஒதுக்குவது சுலபம். அது சரியல்ல. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'காசுள்ளவனுக்கு மட்டும் கல்வியா?' என்பது முதல் கேள்வி. சரியான கேள்விதான். ஆனால் காசுள்ளவன் இப்போதும் படித்துக்கொண்டுதான் இருக்கிறான், வெளிநாட்டில். அங்கே மருத்துவம் படித்துத் திரும்புபவர்களை மருத்துவ சபை பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்கிறது. அதை யாரும் எதிர்ப்பதில்லை. உள்ளூரில் கட்டினால் பிழை, விமானம் ஏறிப்போய்க் கட்டினால் சரியா? அந்நியச் செலாவணி இல்லாமல் 2022இல் நாடு பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். மேலும் அரசின் திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்தே கட்டணம் அறவிடுகிறது. வெளிவாரிப் பட்டத்துக்கும் கட்டணம் உண்டு. ஆகவே கட்டணம் கட்டிப் படிப்பது நமக்குப் புதிதல்ல. நடுவில் நசுங்குபவன் வெளிநாடு போகப் பணமும் இல்லாத, வெட்டுப்புள்ளியும் ஒரு மயிரிழையில் தவறிப்போன பிள்ளைதான்.

'தனியார் வந்தால் அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடும்' என்பது இரண்டாவது. இதுதான் எனக்கும் உள்ள பெரிய பயம். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று கேட்டு ஏறத்தாழ மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கோரிக்கை இன்றும் கோரிக்கையாகவே இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ராகம மூடப்பட்ட பிறகு அரசு கல்விக்கு அள்ளிக் கொடுத்ததா? சைட்டம் மூடப்பட்ட பிறகு கொடுத்ததா? தனியாரைத் தடுப்பதால் மட்டும் அரசின் பணப்பை திறந்துவிடாது. அதற்கு வேறு போராட்டம் வேண்டும்.

'தரம் கெடும்' என்பது மூன்றாவது. விதி இல்லாவிட்டால் நிச்சயம் கெடும். இலாபத்துக்காக நடப்பவர் ஒரு மாணவரையும் சித்தியடையாமல் விட விரும்பமாட்டார். அதற்கு மருந்து எல்லோருக்கும் பொதுவான வெளிப்பரீட்சை. 1921 முதல் 1942 வரை நமது பல்கலைக்கழகக் கல்லூரி அப்படித்தானே நடந்தது? படிப்பித்தது ஓரிடம், பரீட்சித்தது லண்டன்.

'அரச விரிவுரையாளர்கள் அங்கே ஓடிவிடுவார்கள்' என்பது நான்காவது. ஓடத்தான் செய்வார்கள். இப்போது அவர்கள் ஓடுவது அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும். கொழும்பில் ஒரு நிறுவனத்துக்குப் போனவரை வாரம் ஒருநாளாவது விரிவுரைக்கு அழைக்கலாம். மெல்பேர்ன் போனவரை எப்படி அழைப்பது?

அப்படியானால் என்ன செய்யலாம்?

வரலாறு சொல்வதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இவைதான்.

முதலில், விதி முன்னே வரவேண்டும், கட்டடம் பின்னே வரவேண்டும். சேர்வதற்கான பெறுபேறு, ஆசிரியர் தொகை, ஆய்வுகூடம், வைத்தியசாலைப் பயிற்சி எல்லாம் நிறைவேறிய பின்பே முதல் மாணவரைச் சேர்க்க அனுமதிக்க வேண்டும். பட்டம் வழங்க அனுமதிப்பவரும் தொழில் செய்யப் பதிவு வழங்குபவரும் முன்கூட்டியே ஒரே மேசையில் இருந்து முடிவெடுக்கவேண்டும். சைட்டம் விடயத்தில் ஒருவர் கதவைத் திறந்தார், மற்றவர் பூட்டினார். நடுவில் அகப்பட்டவர் மாணவர்.

இரண்டாவதாக, இறுதிப் பரீட்சை அரச மாணவருக்கும் தனியார் மாணவருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு தனியார் பல்கலைக்கழகமும் குறிப்பிட்ட பங்கு இடங்களை வசதியற்ற மாணவருக்குப் புலமைப்பரிசிலாக ஒதுக்கவேண்டும். அரச சாரா நிறுவனங்களில் படிப்போருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் கடன் கடன்தான். பிள்ளையைக் கடனோடு உலகத்துக்கு அனுப்புவதைவிடப் புலமைப்பரிசில் மேல்.

நான்காவதாக, நிறுவனம் நொடிந்தால் மாணவருக்கு என்ன நடக்கும் என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும். வருடாந்தக் கணக்கு பகிரங்கமாக வெளியிடப்படவேண்டும். வட்டுக்கோட்டையும் சிதம்பரமும் சொல்லும் பாடம் அது.

கடைசியாக, இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அரச பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீடு ஒரு சதம்கூடக் குறையக்கூடாது. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் உருவானதோடு மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 பல்கலைக்கழகங்கள் ஆயின. இது இன்னும் கூடவேண்டும். மெய்யியல், வரலாறு, தமிழ், தொல்லியல் போன்ற துறைகளை இலாபம் பார்க்கும் எந்தத் தனியாரும் நடத்தப் போவதில்லை. அவற்றை அரசுதான் காப்பாற்றவேண்டும். முல்லைத்தீவிலும் மொனராகலையிலும் உள்ள பிள்ளைக்கு முதல் கதவு எப்போதும் அரச பல்கலைக்கழகமாகத்தான் இருக்கும்.

கன்னங்கராவின் கனவு, காசில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் படிக்காமல் போகக்கூடாது என்பது. அந்தக் கனவு இன்னும் நிறைவேறவில்லை. தகுதி பெற்ற பிள்ளைகளில் பெரும்பகுதியினர் இன்றும் வெளியே நிற்கிறார்கள். அரசால் மட்டும் அவர்கள் அனைவரையும் உள்ளே எடுக்க இதுவரை முடியவில்லை. தனியாரிடம் மட்டும் விட்டால் காசுள்ளவர்கள் மட்டுமே உள்ளே போவார்கள். ஆகவே இரண்டும் வேண்டும், இரண்டாவதற்குக் கடிவாளமும் வேண்டும். அடுத்த தடவை யாராவது ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்ட வரும்போது, 'திறக்கவிடு' 'திறக்கவிடாதே' என்று இரண்டாகப் பிரிந்து கத்துவதற்கு முன்னால், விதிமுறைப் புத்தகம் எங்கே என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். ராகமவில் கேட்கத் தவறினோம். மாலபேயிலும் கேட்கத் தவறினோம். மூன்றாம் முறையும் மாணவர்களின் வாழ்க்கையில் பரிசோதனை செய்து பார்க்க நமக்கு உரிமை இல்லை.